பக்கம் நூத்தி இருபத்தொண்ணு

துரோகம்னு சொன்னா அது பெரிய வார்த்தை அண்ணாச்சி. அந்தப் பொம்பளைக்கு அவ்வளவு பெரிய வார்த்தை எதுக்கு? அருவருப்புன்னு சொல்லுதேன். சோத்துல முடி கெடந்தா எப்படி இருக்கும்? எடுத்துப் போட்டுட்டு மிச்சத்தச் சாப்பிட முடியுமா? முடியாதுல்லா? நெனைக்க நெனைக்கக் குமட்டும். ஆவுடைச்செல்விங்கிற பேரக் கேட்டா எனக்கு அப்படித்தான் இருக்கு.

இல்ல இல்ல, நீங்க அந்தப் பக்கமே உக்காருங்க. வெயிலு என்னை ஒண்ணும் செய்யாது. இந்த பஸ்காரன் நின்னு நின்னுதான் போவான், பேசிக்கிட்டே போவோம்.

நான் யாருன்னு சொல்லலியே. டாக்டர் கோமதிநாயகம். ஊசி போடுத டாக்டர் இல்ல, காலேஜ் டாக்டர். விலங்கியல் துறைக்குத் தலைவரா இருந்து ரிட்டயர் ஆனவன். பேப்பர்ல பாத்திருப்பீங்க, 'மீன் பேராசிரியர்'னு போடுவான். பொட்டுக்கெண்டை தெரியுமா உங்களுக்கு? விரல் நீளந்தான் இருக்கும், வால்கிட்ட ஒரு கருப்புப் பொட்டு. அதத் தண்ணித் தொட்டியில, கெணத்துல விட்டா கொசுப்புழுவ எல்லாம் தின்னுபுடும். மருந்து வேண்டாம், பொகை வேண்டாம். நம்ம பக்கத்துல அத ஊருக்குக் கொண்டாந்தது யாருன்னு நெனைக்கீங்க? நாந்தான். வெள்ளக்கரை பேரூராட்சியில தெருத்தெருவா, வீடுவீடா தொட்டியில விட்டோம். மேளம் வச்சுல்லா விட்டோம். தலைவர் எனக்குப் பொன்னாடை போத்துனாரு.

இதெல்லாம் சும்மா வந்துராது, பாத்துக்கிடுங்க. ஆராய்ச்சின்னா அதுக்கு முந்தி யாரு என்ன எழுதியிருக்கான்னு காட்டணும். ஜர்னல்னு சொல்லுவாங்க, ஆராய்ச்சிப் பத்திரிகை. அதுல வந்த ஆர்ட்டிகிள எல்லாம் தேடிப் பிடிச்சு, இன்னார், இன்ன வருஷம், இன்ன பக்கம்னு கடைசியில போடணும். அதுக்கு ரெஃபரன்ஸ்னு பேரு. வீட்டுக்குக் கடக்கால், அஸ்திவாரம் மாதிரி. பொட்டுக்கெண்டைக்குக் கடக்கால் எதுன்னா, பக்‌ஷின்னு ஒரு கல்கத்தாக்காரர் அறுபத்தெட்டுல எழுதின ஆர்ட்டிகிள். பொட்டுக்கெண்டை கொசுப்புழுவத் திங்கும்னு மொதமொதல்ல எழுதினவர் அவர்தான். என் தீசிஸ்ல மொத வரியே அதுதான். பக்‌ஷி, அறுபத்தெட்டு, பக்கம் நூத்தி இருபத்தொண்ணு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எனக்குப் பெறகு கேரளாக்காரன் எழுதினான், ஆந்திராக்காரன் எழுதினான். எல்லாத்துலயும் அதே பக்‌ஷி, அதே பக்கம். அவ்வளவு உறுதியான ஆதாரம்.

சரி. இந்தச் செல்வி எங்கிட்ட பிஎச்டி சேந்தா. வெள்ளக்கரைக்காரிதான். புருஷன் மாரிதுரைக்குக் கரண்டு ஆபீஸ்ல வேலை. மெலிஞ்சு, ஒட்டடைக்கம்பு மாதிரி இருப்பா. பேசுனா காதுல விழாது. ஐயோ பாவம், பயந்த பிள்ளையா இருக்கேன்னுதான் சேத்துக்கிட்டேன். தலைப்பும் நாந்தான் குடுத்தேன். பொட்டுக்கெண்டையினால வெள்ளக்கரைக்கு வந்த நன்மைகள். எவ்வளவு சுளுவான தலைப்பு! நன்மை என்னன்னு நாலு பேருகிட்ட கேட்டு எழுதிட்டுப் போ, டாக்டர்னு போட்டுக்கோ. இத விட ஒரு கைடு என்ன செய்யணும்?

சேந்த மாசமே வந்து நிக்கா. "சார், பக்‌ஷி ஆர்ட்டிகிள் உங்ககிட்ட காப்பி இருக்குமா?"

"எதுக்கும்மா?"

"படிக்கணும் சார்."

"என் தீசிஸ்ல இருக்கே, அதப் பாத்து எழுது."

"அதுல ஒரு வரிதான் சார் இருக்கு. முழுசாப் படிச்சா நல்லா இருக்கும்."

சரி, லைப்ரரியில தேடுன்னுட்டேன். வேற என்ன சொல்ல? எங்கிட்ட காப்பி கெடையாது. என் கைடு, பெரியசார்னு சொல்லுவோம், அவர் குடுத்த குறிப்புல இருந்து எடுத்து எழுதினேன். அவரும் போய்ச் சேந்துட்டாரு. நான் அத நேர்ல பாத்ததில்லன்னு ஒரு மாணவிகிட்ட எதுக்குச் சொல்லணும்? தாஜ்மகாலப் பாக்காதவனுக்குத் தாஜ்மகால் இல்லாமப் போயிருமா?

அவ தேடுதா அண்ணாச்சி. எங்க காலேஜ் லைப்ரரியில அந்த ஜர்னல் வாங்குனதே இல்ல. யுனிவர்சிட்டியில போய்ப் பாத்தா, எழுபத்தஞ்சுல இருந்துதான் இருக்காம், அதுவும் கரையான் தின்ன மிச்சம். இன்டர்நெட்ல தேடுனா தலைப்பு மட்டும் வருதாம், உள்ள போக முடியலியாம். அந்த ஜர்னலே நின்னுபோயி எத்தனையோ வருஷம் ஆச்சு. நான் சொன்னேன், "விட்டுரும்மா. எல்லாரும் எழுதியிருக்காங்கல்லா, நீயும் எழுது."

"இல்ல சார், இன்னும் கொஞ்சம் பாக்கேன்."

அடுத்து என்ன பண்ணுனா தெரியுமா? பக்‌ஷி பேரப் போட்டு எழுதின அத்தனை பேருக்கும் மெயில் அனுப்பியிருக்கா. 'ஐயா, உங்ககிட்ட அந்த ஆர்ட்டிகிள் காப்பி இருக்கா'ன்னு. இது எவ்வளவு அசிங்கம் யோசிங்க. கல்யாண வீட்டுல போய், 'மாப்பிள்ள உண்மையிலயே வேலை பாக்காரா'ன்னு வந்தவங்ககிட்ட எல்லாம் கேட்ட மாதிரி. பாதிப் பேரு பதிலே போடல. மரியாதை தெரிஞ்சவங்க. கேரளாக்காரன் மட்டும் எழுதியிருக்கான், 'நான் பக்‌ஷியப் பாக்கல, உங்க கோமதிநாயகம் சார் ஆர்ட்டிகிள்ல இருந்துதான் எடுத்தேன்'னு. ஆந்திராக்காரன் கேரளாக்காரன்கிட்ட இருந்து எடுத்தானாம். அத ஒரு பேப்பர்ல அம்புக்குறி போட்டுப் படமா வரைஞ்சு எங்கிட்டயே கொண்டாந்து காட்டுதா!

"எல்லா அம்பும் உங்ககிட்டதான் சார் வந்து நிக்கி. ஒங்களுக்குத்தான் தெரியும்."

கிண்டல் பண்ணுதாளான்னு மொகத்தப் பாத்தேன். இல்ல. நெசமாவே நம்பித்தான் கேக்கா. அதுதான் எனக்கு ரொம்ப எரிச்சல். கிண்டல் பண்ணுனா திட்டலாம். நம்புதவள என்ன சொல்லித் திட்ட?

"வடக்க ஏதாவது பழைய லைப்ரரியில இருக்கும்"னு சொல்லி அனுப்பிட்டேன். சும்மா ஒரு பேச்சுக்கு. வடக்கன்னா யாரு போவா? அதுவும் அவ அப்ப மாசமா இருந்தா. ஆறோ ஏழோ.

போயிட்டா அண்ணாச்சி! வயித்தத் தள்ளிக்கிட்டு, புருஷனக் கூட்டிக்கிட்டு, கல்கத்தாவுக்கு ரயிலேறிப் போயிட்டா. ஒரு ஆர்ட்டிகிளுக்கு! எனக்கு அதக் கேட்டதுமே ஒரு மாதிரி ஆயிருச்சு. புள்ளத்தாச்சி தூசியில, பூச்சி அரிச்ச புஸ்தகத்துக்கு நடுவுல உக்காந்து தும்மிக்கிட்டே பொரட்டுதத நெனைச்சுப் பாருங்க. படிச்ச பிள்ள பண்ணுத காரியமா அது? மாமியாக்காரி அந்த ஊரு பூரா சொல்லி அழுதாளாம், என்னைத்தான் வையுதாளாம். 'அந்த வாத்தியாரு சொல்லித்தான போனா'ன்னு. எப்படி இருக்கு கதை?

அங்க போயி, அறுபத்தெட்டு வால்யூம எடுத்து, நூத்தி இருபத்தொண்ணாம் பக்கத்தத் திறந்தா, வாத்துக் குடல்ல இருக்க புழுவப் பத்தி வேற யாரோ எழுதியிருக்கான். பக்‌ஷியே இல்ல. நல்ல ஆளா இருந்தா அதோட திரும்பி வந்திருக்கணும். இவ உக்காந்து மொதப் பக்கத்துல இருந்து பொரட்டியிருக்கா. நூத்திப் பன்னெண்டுல இருந்திருக்கு. ஒண்ணும் ரெண்டும் எடம் மாறிப் போச்சு, அவ்வளவுதான். டைப் அடிக்கும்போது வாரதுதான். அதயே கேரளாக்காரனும் போட்டிருக்கான், ஆந்திராக்காரனும் போட்டிருக்கான்னா அதுக்கு நானா பொறுப்பு? அவனவன் சரிபாத்துப் போட வேண்டியதுதான?

திரும்பி வந்து என் ரூமுக்குள்ள நுழைஞ்சா. கால் ரெண்டும் வீங்கிப் போயி, செருப்பு வாரு அறுந்து ஊக்கு குத்தியிருக்கா. மொகத்துல அப்படி ஒரு சிரிப்பு. கல்கத்தா இனிப்பு ஒரு டப்பா, ஆர்ட்டிகிள் ஜெராக்ஸ் ஒண்ணு. ரெண்டையும் மேசையில வச்சா.

"சார், கெடச்சிருச்சு!"

நானும் சரி, சந்தோஷம்மான்னேன். இனிப்ப எடுத்து வாயில போட்டேன். அப்ப சொல்லுதா, "ஆனா சார், அதுல வேற மாதிரில்லா இருக்கு."

"என்ன வேற மாதிரி?"

"கண்ணாடி ஜாடியில, வேற தீனியே போடாமப் பட்டினி போட்டப்பதான் புழுவத் தின்னுச்சாம் சார். பாசி இருந்தா, சோத்துப் பருக்கை இருந்தா புழுவத் தொடவே இல்லியாம். கடைசியில எழுதியிருக்காரு, தொட்டி, கெணத்துக்கெல்லாம் இந்த மீன நம்பி விட வேண்டாம்னு."

அந்த இனிப்ப என்ன எழவு பால்ல செஞ்சானோ, புளிச்ச வாடை. எழுந்து போயி ஜன்னல் வழியாத் துப்பிட்டு வந்தேன்.

நிதானமாத்தான் சொன்னேன் அண்ணாச்சி. சத்தியமா நிதானமாத்தான் சொன்னேன். "இங்க பாரும்மா. அது பழைய காலத்து ஆளு. அந்தக் காலத்து ஜாடி, அந்தக் காலத்துத் தண்ணி. அதுக்குப் பெறகு எத்தனை ஆர்ட்டிகிள் வந்திருக்கு! எல்லாரும் திங்கும்னுதான எழுதியிருக்கான்? உன் தீசிஸ் மூணாவது அத்தியாயத்துல, திங்கும்னு பக்‌ஷி சொன்னாருங்கிற அந்த வரி இருந்தபடியே இருக்கட்டும்."

"எல்லாரும் இவர் பேரப் போட்டுத்தான் சார் எழுதியிருக்காங்க. இதுல அப்படி இல்லியே."

"நான் சொல்லுதேன்ல, இருக்கட்டும்."

அவ போகல. நின்னுக்கிட்டே இருந்தா, உக்காரவும் இல்ல. நானும் உக்காருன்னு சொல்லல, அந்த நேரத்துல எங்க தோணுது? பெறகு மெதுவாச் சொன்னா.

"எங்க அக்கா பையன் டெங்குல போயிட்டான் சார். ஆறு வயசு. அவங்க வீட்டுத் தொட்டியில உங்க மீன் இருந்துச்சு. மீன் கெடக்குல்லான்னு அக்கா தொட்டிய மூடாமலே வச்சிருந்தா."

அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க. இது முறையா? நாம ஒரு அறிவியல் விஷயம் பேசிக்கிட்டு இருக்கோம். அதுக்குள்ள ஒரு செத்த பிள்ளையக் கொண்டாந்து மேசையில போடலாமா? ஊரு பூரா டெங்கு. மீனு இருந்த வீட்லயும் வந்துச்சு, இல்லாத வீட்லயும் வந்துச்சு. அதுக்கு மீன் என்ன பண்ணும்? அழுதிருந்தாலாவது ரெண்டு வார்த்தை ஆறுதலாச் சொல்லியிருப்பேன். அழவும் இல்ல. அந்த ஜெராக்ஸக் கையில வச்சுக்கிட்டு, நான் ஏதோ பதில் சொல்லப் போறேன்னு பாத்துக்கிட்டே நிக்கா.

"நீ போம்மா. மத்ததப் பெறகு பேசுவோம்"னேன்.

அன்னைக்கு மத்தியானம் டிபன் கேரியரத் திறந்தேன், ஒரு வாய் எறங்கல. அப்படியே மூடி வச்சிட்டேன். அவ்வளவு எரிச்சல். ராத்திரியும் அப்படித்தான். வாயுக் கோளாறுன்னு டாக்டர் ஏதோ மாத்திரை குடுத்தான். அந்த இனிப்புதான் காரணம், வேற என்ன?

அதுக்குப் பெறகு நான் எதுலயும் கையெழுத்துப் போடல. மூணாவது அத்தியாயத்தச் சரி பண்ணிக் கொண்டா, போடுதேன்னேன். சரி பண்ணுனா ஒரே வரி. ஒரு வரிக்காக ஒருத்தி இத்தனை வருஷப் படிப்பத் தொலைப்பாளா? அவ கைட மாத்திக்கிட்டா. எங்க துறையிலயே ஞானசுந்தரின்னு ஒரு அம்மா, என்னைக் கண்டாலே ஆகாது அவளுக்கு. அவகிட்ட போயிட்டா. போகும்போது ஸ்டாஃப் ரூம்ல அத்தனை பேரு முன்னாடி எங்கிட்ட வந்து, "வாரேன் சார்"னு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனா. அந்தக் கும்பிட நெனைச்சா இன்னைக்கும் மேல் கூசுது.

ஜெராக்ஸ என் மேசையிலயே விட்டுட்டுப் போயிட்டா. நான் அத வீட்டுக்குக் கொண்டாந்து பரண்ல போடலாம்னு வச்சிருந்தேன். எம் பொண்டாட்டி, அவ ஹைஸ்கூல் டீச்சரா இருந்தவ, அத எடுத்து உக்காந்து முழுசும் படிச்சிருக்கா. படிச்சிட்டு, "ஏங்க, இதுல வேண்டாம்னுல்லா போட்டிருக்கு?"ங்கா.

"ஒனக்கு என்னடி தெரியும் விலங்கியலப் பத்தி?"ன்னேன்.

"எனக்கு விலங்கியல் தெரியாது. இங்கிலீஷ் தெரியும்"னா.

மறுநாள் கடையில போயிக் கொசுவலைத் துணி வாங்கிட்டு வந்து எங்க வீட்டுத் தொட்டிய இழுத்துக் கட்டிட்டா. உள்ள கெடந்த மீன அள்ளிக் காக்காய்க்குப் போட்டுட்டா. என் வீட்டுல, என் மீன! வாரவன் போறவன் பாத்தா என்ன நெனைப்பான்? அந்த ஆவுடைச்செல்வி என் வீட்டு அடுக்களை வரைக்கும் வந்துட்டா பாருங்க.

அவளுக்குப் பெண் பிள்ள பொறந்துச்சு. பிள்ளைய மாமியாகிட்ட குடுத்துட்டு, அந்த மாமியா எப்படித்தான் சம்மதிச்சாளோ, வெள்ளக்கரையில வீடு வீடாப் போயி தொட்டியில எட்டிப் பாத்துக் கணக்கெடுத்தா. மீன் இருக்க தொட்டி, இல்லாத தொட்டி, மூடுன தொட்டி, மூடாத தொட்டி. நாறுத தொட்டிக்குள்ள கைய விட்டுப் புழு பிடிச்சு எண்ணிக்கிட்டுத் திரிஞ்சா. நான் கார்ல போகும்போது ஒரு தடவ பாத்தேன். முழங்கை வரைக்கும் பாசி. என்னைப் பாத்துட்டு அந்தக் கையோட ஒரு வணக்கம். நான் கண்ணாடிய ஏத்திட்டேன்.

கடைசியில டாக்டர் பட்டம் வாங்கிட்டா. ஆர்ட்டிகிளும் வந்துருச்சு. சாதாரண ஜர்னல் இல்ல, பெரிய ஜர்னல். என்ன எழுதியிருக்கா? மீன் இருந்த தொட்டியிலயும் புழு இருக்கு, மீன நம்பி மூடாம விட்டதுல இன்னும் கூட இருக்குன்னு. ரெஃபரன்ஸ்ல பக்‌ஷி, பக்கம் நூத்திப் பன்னெண்டு. அதுக்கு அடியில பொடி எழுத்துல ஒரு குறிப்பு, 'பல கட்டுரைகளில் இது நூத்தி இருபத்தொண்ணு எனத் தவறாக உள்ளது'ன்னு. பேரு போடல. ஆனா அம்பு எங்க வந்து நிக்கும்னு தெரிஞ்சவனுக்குத் தெரியும்லா?

அத விடக் கேவலம் இன்னொண்ணு இருக்கு. நன்றின்னு ஒரு பத்தி போடுவாங்க. அதுல மொதப் பேரு என் பேரு! 'இந்தக் கட்டுரையை எனக்கு முதலில் அறிமுகம் செய்த என் ஆசிரியர் முனைவர் கோமதிநாயகம் அவர்களுக்கு.' எவ்வளவு கொழுப்பு இருந்தா இப்படிப் போடுவா! குத்துதது குத்திட்டு மேல சந்தனம் பூசுதா. எம் பொண்டாட்டி சொல்லுதா, "அந்தப் பிள்ள நெசமாவே நன்றியாத்தான் போட்டிருக்கு, உங்களுக்குத்தான் அது புரியல"ன்னு. என்னத்தப் புரிய?

என்ன கேக்கீங்க? நான் படிச்சேனான்னா? எத? பக்‌ஷியவா?

எதுக்குப் படிக்கணும்? அவதான் சொல்லிட்டாளே என்ன இருக்குன்னு. எம் பொண்டாட்டியும் சொல்லிட்டா. ரெண்டு பேரு சொன்னது ஒண்ணு போலத்தான இருக்கு. பெறகு நான் வேற கண்ணாடியப் போட்டுக்கிட்டு அத எதுக்குத் தனியாப் படிக்கணும்?

ஆனா ஒண்ணு அண்ணாச்சி, இதுல ஒரு நல்ல விஷயம் என்னன்னா, ஜர்னல எவன் படிக்கான்? ஒரு ஆர்ட்டிகிள் வந்தா அத எழுதினவளும் அவ கைடும் படிப்பாங்க. பெறகு அது பாட்டுக்குத் தூங்கும். சேர்மனா படிக்கப் போறாரு? கமிஷனரா படிக்கப் போறாரு? அவங்களுக்குப் பேப்பர்ல வந்ததுதான் ஞாபகம். மீன் பேராசிரியர். இப்பக்கூட சாத்தனேரி நகராட்சியில கூப்பிட்டுத்தான் போயிக்கிட்டு இருக்கேன். மழைக்கு முந்தி எல்லா வார்டுலயும் மீன் விடணும்னு. ரெண்டு லாரியில வருது. நாளைக்குக் காலையில விழா, சேர்மன் தலைமை, என் சிறப்புரை. அந்தச் செல்வி எழுதி என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல.

நீங்க எங்க எறங்கணும்? சாத்தனேரியா! அட, இவ்வளவு நேரம் சொல்லவே இல்லியே! எந்தத் தெரு? நெசவாளர் காலனியா? மொத தொட்டியே உங்க காலனியிலதான் விடுதோம், அழைப்பிதழ்ல போட்டிருக்கு. பேரப்பிள்ளைகள் இருக்கா? ரெண்டா? நல்லது. கூட்டிக்கிட்டு வாங்க, மேடைக்குப் பக்கத்துல எடம் போடச் சொல்லுதேன். போட்டோ எடுப்பான்.

என்ன அண்ணாச்சி? பஸ்சு பெரட்டுதா? தண்ணி வேணுமா?

யாருக்குப் போன் போடுதீங்க? வீட்டுக்கா? போடுங்க போடுங்க. சொல்லுங்க, பெரிய ஆளு பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்னு.

...

என்ன அண்ணாச்சி இது? மீன் கொண்டாந்தா நம்ம தொட்டியில விடக் கூடாதுன்னா சொல்லுதீங்க? யாரு சொன்னான்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? நானா? நான் எப்ப சொன்னேன்? பக்கத்து வீட்டுக்கும் சொல்லச் சொல்லுதீங்களே! அண்ணாச்சி, போனக் கொஞ்சம் வைங்க. இங்க பாருங்க, என்னைப் பாருங்க. நான் ஒரு பொம்பள பண்ணுன அசிங்கத்தல்லா சொல்லிக்கிட்டு வந்தேன்!